ஏழை வீட்டுக் கூரையும் குளிர வேண்டும்

2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு அரசு ஒதுக்கியது ரூ.3.50 லட்சம். வீட்டின் அளவு 360 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 972 ரூபாய் வருகிறது. திண்டிவனம் பக்கம் இன்றைக்கு 2,000 ரூபாய்க்குக் குறைவாக எந்த மேஸ்திரியும் வீட்டு வேலைக்கு வாய் திறப்பதில்லை. எவ்வளவு சிக்கனமாகக் கட்டினாலும் அரசு தருகிற அளவுக்குக் கைக்காசும் போட்டாக வேண்டும். மகளிர் குழுக் கடன், நகை அடகு, அதுவும் பற்றாவிட்டால் வட்டிக்காரர். அரசு வீடு என்று ஊர் சொன்னாலும் அதில் கூலிக்காரக் குடும்பத்தின் பங்கு பெரிது. அப்படிக் கடன்பட்டுக் கட்டிய வீட்டில் மே மாத இரவில் படுத்துத் தூங்க முடியவில்லை என்றால், அதைப் பேசாமல் விட முடியாது.

என் அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாளாகப் போனவர். நான் டிப்ளமோ சிவில் படித்துவிட்டு திண்டிவனம், மரக்காணம், வானூர் வட்டாரத்தில் சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அரசுத் திட்டத்தில் பணி ஆணை வாங்கியவர்கள். மலிவு வீடு ஒரு கட்சி, பசுமை வீடு ஒரு கட்சி என்பது போல இங்கே பேச்சு நடக்கிறது. பசுமை வேண்டுமானால் செலவாகும், செலவைக் குறைக்க வேண்டுமானால் பசுமையை மறக்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை ஏழையின் வீட்டில் இந்த இரண்டும் கூரையில் ஒன்றுசேர்கின்றன. கூரையைச் சரியாகப் போட்டால் சிமெண்ட் குறையும், கரண்ட் குறையும், தூக்கமும் வரும். அதற்குத் தேவையான எல்லாமே நம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலைதான்.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவின் வீட்டைச் சொல்கிறேன். கணவர் இல்லை. ஒரு பெண், ஒரு பையன். கீற்றுக் குடிசை இருந்த அதே இடத்தில் கான்கிரீட் தளம் போட்ட வீடு வந்தது. ஐந்து அங்குலத் தளம், அதன்மேல் சிமெண்ட் பூச்சு, அவ்வளவுதான். தட்டோடு இல்லை. மாடி ஏறப் படிக்கட்டும் இல்லை. படிக்குச் செலவழிக்கக் காசு மிஞ்சவில்லை. கோடைதான் உப்பு விளையும் காலம் என்பதால் விடியும் முன்பே பாத்திக்குப் போய்விடுகிறார். மேலே வெயில், கீழே உப்பின் பளபளப்பு. அங்கே வெந்த உடம்பு இராத்திரி ஆறினால்தான் மறுநாள் வேலைக்கு எழுந்திருக்கும். இரவு ஒன்பது மணிக்கு நான் அந்த வீட்டுக்குள் நின்று, ஸ்டூலில் ஏறித் தளத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அணைத்துவைத்த இஸ்திரிப் பெட்டி போலிருந்தது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. ஜன்னலில் நனைத்த புடவை ஒன்று தொங்கியது.

“மழைக்குப் பயமில்ல தம்பி. பாம்பு, தேளுக்குப் பயமில்ல. நெருப்புக்குப் பயமில்ல. குறை சொல்லக் கூடாது, நல்லாத்தான் கட்டிக் குடுத்தீங்க. வெயிலு மட்டும் உள்ள வந்து உக்காந்துக்குது” என்றார்.

தெருவில் ஆண்களும் பையன்களும் பாயை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். வயதுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு அவரால் அப்படிப் படுக்க முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்க வேண்டும். நம் வீட்டுத் திட்டங்களின் சூட்டை அதிகம் தாங்குவது பெண்கள்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

சூடு ஏன் கூரை வழியாக வருகிறது என்பது எளிய கணக்கு. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். விழுப்புரம், கடலூர் அட்சரேகையில் சித்திரையிலும் ஆவணித் தொடக்கத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. சுவரில் வெயில் சாய்வாகப் படும். கூரையில் காலை முதல் மாலை வரை, நடுப்பகலில் செங்குத்தாகவே படும். மாடி மேல் மாடி உள்ள வீட்டில் கடைசி மாடிக்காரர் மட்டும் அதை வாங்கிக்கொள்வார். 360 சதுர அடி வீட்டில் எல்லா அறையும் கடைசி மாடிதான். கான்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்து நாலைந்து மணி நேரம் கழித்து உள்பக்கம் விடுகிறது. சரியாக, வேலை முடிந்து ஆள் வீடு திரும்பும் நேரம் அது.

இப்படி எழுதினால் ‘அந்தக் காலத்துக் கூரை வீடு எவ்வளவு குளிர்ச்சி’ என்று சிலர் ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிந்துபோனது ஒரு குடிசைக்குள். கும்பகோணத்தில் 2004இல் 94 குழந்தைகளைக் கொன்ற தீயில் பற்றி எரிந்தது பள்ளியின் கீற்றுக்கொட்டகை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் எங்கள் பக்கம் அடித்தபோது கூரை வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. 2018 நவம்பரில் கஜா வந்து வேதாரண்யம் பக்கம் குடிசையையும் ஓட்டு வீட்டையும் சேர்த்தே பிய்த்துப் போட்டது. கீழ்வெண்மணிக்குப் பிறகு அந்த மண்ணிலேயே தங்கிப் பாடுபட்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், காந்தியவாதிதான். 1981இல் லாப்டி இயக்கத்தைத் தொடங்கி நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த அவர், மண் குடிசை போய் கல்வீடு வர வேண்டும் என்றுதான் முதுமையிலும் அலைந்தார். தளம் போட்ட வீடு ஏழைக்குப் பாதுகாப்பு, அதைவிட மரியாதை. ஊர்த்தெருவில் மச்சு வீடு இருக்கும்போது காலனியில் மட்டும் ஓலைக்குடிசை எதற்கு? தளம் வேண்டும் என்ற ஆசையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நான் கேட்பது, அந்தத் தளத்தை வெயிலுக்கும் சேர்த்துப் போடுங்கள் என்பதுதான்.

எந்தக் கட்சி ஆண்டாலும் கூரைச் சூட்டை மறப்பதில் வேறுபாடு இல்லை. 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றும் திட்டம் வந்தது. 2011இல் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி, ரூ.1.80 லட்சம், சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள். நல்ல நோக்கம். அந்தத் திட்டம் வெளிச்சத்தைப் பற்றி யோசித்தது, வெப்பத்தைப் பற்றி யோசிக்கவில்லை. 2016இல் ஒன்றிய அரசின் பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம். பிறகு கனவு இல்லம்: 2030க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு, வீட்டின் 360 சதுர அடியில் 300க்குக் கான்கிரீட் தளம். மொத்தம் எவ்வளவு கூரை என்று ஒரு நாள் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். 24 கோடி சதுர அடி, அதாவது ஏறத்தாழ 22 சதுர கிலோமீட்டர். ஒரே மாநிலத்தில், ஒரே திட்டத்தில், இவ்வளவு பரப்பில் என்ன மாதிரிக் கூரை போடுகிறோம் என்பது சின்ன விஷயமா?

இதற்கு வழி பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, இங்கேயே குடியுரிமை பெற்று, 2007இல் திருவனந்தபுரத்தில் காலமான கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதாக இருக்கட்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதாக அவர் குறிப்பிடுவார். அவரும், கேரள முன்னாள் முதல்வர் அச்சுத மேனனும், பொருளியல் அறிஞர் கே.என். ராஜும் சேர்ந்து 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு கேரளத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறது. பேக்கர் கையாண்ட முறைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டையும் நான் என் கையால் செய்து பார்த்திருக்கிறேன்.

ஒன்று, ஓடு வைத்த தளம். ஒரு தளம் பாரத்தில் லேசாக வளையும்போது அதன் மேல்பகுதி அழுந்துகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. அழுத்தத்தைக் கான்கிரீட் தாங்கும். இழுப்பைத் தாங்குவது கம்பி. அப்படியானால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில், கீழ்ப்பாதியில் கிடக்கும் கான்கிரீட் சும்மா பாரமாகத்தான் கிடக்கிறது. அந்த இடத்தில் சீமை ஓட்டை வைத்துவிட்டால் போதும். சென்ட்ரிங் பலகை மேல் கம்பியைக் கட்டம் கட்டமாகக் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு ஓட்டை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஓட்டை முதல் நாளே தண்ணீரில் ஊறப் போட வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட்டின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். இரண்டு ஓட்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். 300 சதுர அடிக்கு ஐந்தாறு மூட்டை சிமெண்ட் வரும். தளத்தின் பாரம் குறைவதால் கம்பியும் குறையும். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத்தான் பலர் புது வீடு கட்டுகிறார்கள். இடித்த ஓட்டைக் கழித்துப் போட்டுவிடுவார்கள். தாத்தா காலத்து ஓடு புது வீட்டின் தளத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்போது, வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இரண்டாவது, எலிப்பொறிக் கட்டு. ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது. நடுவில் பொந்து விழும். செங்கல்லில் கால் பங்கு மிச்சம், கலவை அதைவிட மிச்சம், உள்ளே காற்று. வரிசை சுத்தமாக வந்தால் வெளிப்பூச்சே தேவையில்லை. ஒருமுறை பார்த்த கொத்தனாருக்கு இரண்டாவது நாள் கை பழகிவிடும்.

இவ்வளவு லாபம் இருந்தும் ஏன் யாரும் செய்வதில்லை? ஒரு பயனாளிக்கு ஓட்டுத் தளம் போடக் கம்பி கட்டி, ஓடும் அடுக்கிவைத்துவிட்டேன். அளவெடுக்க வந்த அதிகாரி பார்த்துவிட்டு, “இது மாதிரி மதிப்பீட்டில் இல்லை. தணிக்கையில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? இந்தத் தளத்துக்கு பில் போட முடியாது” என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்த தாளில் தளம் என்றால் கம்பியும் ஜல்லியும் எம்.சாண்டும் சிமெண்டும்தான். அடித்தளம் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டத்தில் ஒன்று, தளம் போட்டால் ஒன்று என்று பணம் படிப்படியாகத்தான் வரும். தளத் தவணை நின்றால் அந்தக் குடும்பம் தெருவில் நிற்கும். ஓட்டையெல்லாம் எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டு வழக்கமான தளத்தையே போட்டுக் கொடுத்தோம். ஒரு மதிப்பீட்டுத் தாள் மாறாமல் கொத்தனாரின் திறமையால் மட்டும் எதுவும் மாறாது என்பது எனக்கு அன்றைக்கு உறைத்தது.

தளத்தின் மேல் செய்ய வேண்டிய வேலைக்கும் இதே கதிதான். சென்னைப் பட்டணத்திலும் செட்டிநாட்டிலும் பழைய வீடுகளின் மாடியில் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் குழைத்துக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். என் அம்மா அந்தக் கட்டையைப் பிடித்தவர். அதன்மேல் தட்டோடு பதித்தால் மழையும் இறங்காது, வெயிலும் சட்டென்று இறங்காது. இந்த வேலையில் கூலிதான் அதிகம், பொருள் குறைவு. சிமெண்டுக்கும் கம்பிக்கும் கொடுக்கும் காசு அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விடுகிறது. கூலியாகக் கொடுக்கும் காசு அந்த ஊர்க் கடையில்தான் செலவாகும். ஊரக வளர்ச்சித் துறை நடத்தும் ஒரு திட்டம் இதை யோசிக்க வேண்டாமா? நான் பார்த்த திட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் கான்கிரீட் இறுகியதோடு மாடி வேலை முடிந்துவிடுகிறது.

சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் சூளை எரிப்பதால் வருவதல்ல. சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளியேறுவது. அரியலூரில் தோண்டும் கல்லைச் சூரிய மின்சாரத்தில் வேகவைத்தாலும் அது வரத்தான் செய்யும். ஆகவே சிமெண்டைக் குறைவாகப் பயன்படுத்துவதுதான் முதல் வழி. இரண்டாவது வழியில் நம் ஊருக்கும் பங்கு உண்டு: சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்.சி.3 சிமெண்ட். சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சென்னை ஐஐடியும் சேர்ந்து செய்த வேலை இது. வழக்கமான சிமெண்டைவிட 40 சதவீதம் வரை கரியமில வாயுவைக் குறைக்கும். 2023இல் இந்தியத் தரநிர்ணய அமைப்பு இதற்குத் தரநிலையும் வெளியிட்டுவிட்டது. லட்சக்கணக்கில் மூட்டை வாங்கும் அரசு கேட்டால்தான் ஆலைகள் இதைப் பெரிய அளவில் தயாரிக்கும். வீட்டுக்கு ஐந்து மூட்டை குறைந்தால், 8 லட்சம் வீட்டுக்கு 40 லட்சம் மூட்டை. எடையில் 2 லட்சம் டன். கூரையில் ஓடு வைப்பதால் மட்டும் கிடைக்கும் மிச்சம் இது.

சுவருக்கு மண்கல் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்குப் பக்கத்தில்தான் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், 1989 முதல் இருக்கிறது. செம்மண்ணில் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கை இயந்திரத்தில் அழுத்தி, சுடாமல் நனைத்து ஆற்றிய கல். வானூர்ச் செம்மண்ணுக்கு அருமையாக வரும். திருவாரூர் களிமண்ணுக்கு வராது. மழையில் ஊதி, வெயிலில் வெடிக்கும் மண் அது. அங்கே நெய்வேலி, மேட்டூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலில் செய்த கல்தான் சரி. செம்மண் இருக்கிறது என்று மலையடிவாரத்தைத் தோண்டுவதும் கூடாது. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை எடுத்து எடுத்து ஓடைகளே உருமாறி, கடைசியில் 2021இல் சூளைகளை மூட வேண்டியதாயிற்று. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது வரும் மண்ணைக் கல்லாக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாநிலம் முழுமைக்கும் ஒரே வரைபடம் என்பதே தப்பு என்றுதான் நான் சொல்ல வருகிறேன். ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ‘பஹல்’ என்ற பெயரில் பல மாநிலங்களின் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற வீட்டு வடிவங்களைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. நமக்கும் கடலோரத்துக்கு ஒன்று, கரிசலுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று வடிவம் வேண்டும்.

வீடு மலிவா இல்லையா என்பதைக் கட்டி முடித்த நாளோடு கணக்கு முடிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கரண்ட் பில் ஆரம்பிக்கிறது. 75 வாட் மின்விசிறி ஒன்று இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டை ஒரே ஒரு விசிறி விழுங்கிவிடுகிறது. 30 வாட்டில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. விசிறி என்றால் 43 யூனிட்தான். கூடுதலாக ஆயிரம், ஆயிரத்தைந்நூறு விலை என்பதால் யாரும் வாங்குவதில்லை. சாவி கொடுக்கும் அன்றைக்கே வீட்டுக்கு இரண்டு விசிறி அரசே மாட்டிக் கொடுத்தால் என்ன? சூடு தாங்காமல் தவணையில் ஏசி வாங்கி மாட்டிய குடும்பங்களையும் எனக்குத் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணப் படி மாறிவிடுகிறது. கூரையில் மிச்சம் பிடித்த காசை அவர்கள் வாழ்நாளெல்லாம் மின்வாரியத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நகரத்தில் பிரச்சினை வேறு. அடையாறு, கூவம் கரையிலிருந்து எடுத்த குடும்பங்களை, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். அதே பெரும்பாக்கத்தில் 2022 மே மாதம் பிரதமர் திறந்துவைத்த 1,152 வீடுகள், ஆலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களைப் பொருத்தி வேகமாகக் கட்டியவை. தொழில்நுட்பம் நல்லதுதான். வீட்டுவேலைக்கும் மீன் விற்கவும் மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் போய்க்கொண்டிருந்தவர் 25 கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு, பஸ்ஸில் போகும் நேரமும் காசும் வாடகைதானே? தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில் வீட்டைக் கட்டிவிட்டு அதைப் பசுமை என்று சொல்ல முடியாது. திருவனந்தபுரத்தில் கரிமடம் குடிசைப் பகுதியை இருந்த இடத்திலேயே எலிப்பொறிக் கட்டில் மாடி வீடுகளாக மாற்றிக் காட்டியது காஸ்ட்ஃபோர்டு. சென்னைக்கு அந்த வழிதான் பொருந்தும்.

தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் ரூ.4 லட்சம். ஒரு வீட்டுக்கு ஒதுக்கியதைவிட அதிகம்! அந்தச் சாவைத் தடுக்கும் கூரைக்கு வீட்டு மதிப்பீட்டில் இடம் இல்லை என்றால் நியாயமா? தெலங்கானா 2023இலேயே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்து, அரசு கட்டித்தரும் ஏழைகள் வீட்டுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டது. நம் அரசும் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஓட்டுத் தளத்தையும் எலிப்பொறிக் கட்டையும் மாதிரி மதிப்பீட்டில் சேர்த்து, பில் போட அதிகாரிக்கு எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். தளத்தின் மேல் ஓடோ வெள்ளைப் பூச்சோ முடிந்தால்தான் கடைசித் தவணை என்று விதி வைத்து, அதற்கான பணத்தைத் தனியாகத் தர வேண்டும். மாடிக்கு ஒரு படி வேண்டும். எதிரெதிர்ச் சுவரில் ஜன்னலும், தளத்துக்குக் கீழே சூட்டுக்காற்று வெளியேறத் துவாரமும் வேண்டும். ஒவ்வோர் ஒன்றியத்திலும் கொத்தனார்களைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, ஒரு வீட்டைக் கட்டவைத்துப் பழக்க வேண்டும். சதுர அடிக்கு 972 ரூபாய் என்பதையும் உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் உயர்த்தும் பணம் மறுபடியும் சிமெண்ட் மூட்டைக்கே போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணி ஆணை கையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். தளம் போடும் முன் மாடிப்படிக்குக் கம்பியாவது விட்டுவையுங்கள். பிறகு காசு சேரும்போது படி கட்டிக்கொள்ளலாம். தளம் போட்டு முடித்தவர்கள் மாடியைக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பில் கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்து இரண்டு கை அடித்துவிடுங்கள். 300 சதுர அடிக்கு ஆள்கூலியோடு 2,000 ரூபாய்க்கு மேல் ஆகாது. ஆண்டுக்கொரு முறை அடிக்க வேண்டும். மாசி மாதமே அடித்துவிடுங்கள், சித்திரை வரை காத்திருக்க வேண்டாம்.